முள்ளிச்செவல் பள்ளிக்கூடத்துப் பீரோ

முள்ளிச்செவல் தொடக்கப்பள்ளியின் இரும்பு பீரோவை டவுனிலிருந்து வந்த சுமையாட்கள் எல்லோரும் சேர்ந்தும் தூக்க முடியவில்லை என்கிற சேதி ஊருக்குள் வந்தபோது, வேல்மயில் களத்தில் தார்ப்பாயை விரித்து மிளகாய்வற்றலைக் கிளறிக்கொண்டிருந்தாள். நெடி ஏறித் தும்மித் தும்மிக் கண்ணெல்லாம் கலங்கியிருந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தூக்க முடியலேன்னா நல்லதுதான. இருந்துட்டுப் போகட்டும்” என்று சொல்லி, முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தைப் பார்க்க நடந்தாள்.

அவள்தான் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி. ஒரு தாய்தான் தலைவியாக இருக்க வேண்டும் என்பது சட்டம். கூட்டத்துக்கு வந்த தாய்மாரெல்லாம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் ஜெசிந்தா டீச்சர் சொன்ன எதற்கோ பலமாகச் சிரித்துவிட்டாள். சிரித்தவள் தலையில் பதவியைக் கட்டிவிட்டார்கள். அவளும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். அப்புறம் டவுனுக்கு பஸ் ஏறிப் போய்ப் பத்தாவது முடித்து, லோடு ஆட்டோ ஓட்டுகிற காளிராஜைக் கட்டிக்கொண்டு, நேத்ரா என்று ஒரு பெண்ணைப் பெற்று, அந்தப் பெண்ணுக்கு ஏழு வயசாகியும் இடுப்பைவிட்டு இறக்காமல் வைத்திருந்தாள். தினமும் சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் நிற்பாள், மகள் ஓடிவருவாள், ஒரே வீச்சில் இடுப்பில் ஏறுவாள், ரெண்டு பேரும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

“கழுதை வயசாச்சு, இன்னும் தூக்கிக்கிட்டுத் திரியிறியே, வெக்கமா இல்ல?” என்பாள் பக்கத்து வீட்டுப் பொன்னுமதினி.

“எங்கழுதை, எம் இடுப்பு. ஒங்களுக்கு எங்க மதினி வலிக்குது?” என்பாள் வேல்மயில்.

பள்ளிக்கூடத்தை மூடப்போகிறார்கள் என்பதுதான் அந்த வருசத்துப் பெரிய பேச்சு. காலையில் மஞ்சள் வேன்கள் ஊருக்குள் வந்து, டை கட்டின பிள்ளைகளை அள்ளிக்கொண்டு டவுனுக்குப் பறந்துவிட, மிச்சம் இருந்தது ஒரு கை விரல்களும் இன்னொரு கையில் பாதியும். இத்தனை கொஞ்சப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் எதற்கு, சாலைக்கு அந்தப்பக்கம் இருக்கிற புதூர்ப் பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று மேலே இருந்து உத்தரவு வந்துவிட்டது. உத்தரவு போட்டவர்களுக்கு அது காகிதத்தில் ஒரு கோடு. முள்ளிச்செவலுக்கு அது நாலுவழிச்சாலை. அதில் கன்டெய்னர் லாரிகள் போகிற வேகத்துக்கு, ஓரத்தில் நிற்கிற பெண்களின் சேலை அவிழ்ந்து அவற்றின் பின்னாலேயே கொஞ்ச தூரம் போய்விட்டு வரும். ‘இலவச வேன் விடுவோம்’ என்று சொல்லியிருந்தார்கள். அப்படி வேன் விட்ட கீழூரில், பொங்கலுக்குள் வேன் நின்றுபோய், பிள்ளைகள் இப்போது கைகோர்த்துச் சாலையைக் குறுக்கே ஓடுகிறார்கள். அதை ஒருநாள் காளிராஜின் ஆட்டோவிலிருந்து வேல்மயில் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் அவள் சிரிக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் மேசை, நாற்காலி, மணி, தண்ணீர்த்தொட்டி மூடி எல்லாம் வண்டியில் ஏறியிருந்தன. பீரோ மட்டும் நின்றது. சுமையாட்கள் வெறும் உடம்போடு வியர்த்து வடிய உட்கார்ந்திருக்க, புதிதாக வேலைக்கு வந்த இளவயசு ஆபீசர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உள்ள ஒரு சாமான் இருந்தாக்கூட நான் கட்டடத்தைப் பூட்ட முடியாதும்மா. முழுசா காலியானாத்தான் மூடினதா கணக்கு. அப்படி என்னதான் இருக்கு இதுல?”

“கதைப்புஸ்தகம் சார்” என்றார் ஜெசிந்தா டீச்சர். அந்தப் பள்ளிக்கு அவர்தான் எல்லா வாத்தியாரும். “எனக்கு முன்னாடி இருந்த ஹெட்மாஸ்டர் காலத்துல வந்தது. பிள்ளைங்க கிழிச்சிட்டா நாமதானே பதில் சொல்லணும்னு பூட்டிவெச்சார். அவருக்கு அப்புறம் வந்தவரும் பூட்டிவெச்சார். அப்புறம் நான் வந்தேன்.” சாவியை ஆபீசரிடம் நீட்டி, “நானும் பூட்டிவெச்சேன்” என்றார்.

வேல்மயிலுக்கு அந்தப் பீரோவைத் தெரியும். அவள் படித்த காலத்திலும் அது அந்த மூலையில்தான் நின்றது. அதன் கதவில் ஒட்டியிருந்த சரஸ்வதி படத்துக்குச் சூடம் காட்டிக் கும்பிட்டிருக்கிறாளே தவிர, அது திறந்து பார்த்ததில்லை.

திறந்தார்கள். ஒரு சுமையாள் மேல்தட்டிலிருந்து ‘மீனுக்கு இருமல்’ என்கிற புத்தகத்தை உருவினான். அப்பளத்தின் தடிமன்கூட இல்லாத புத்தகம். அட்டையில் ஒரு கெண்டைமீன் கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தது. அவன் கை சடாரென்று தரைக்குப் போனது. ஆட்டுரலின் கனம். அடுத்ததை ரெண்டு பேர் பிடித்தார்கள், அது அம்மியின் கனம். கீழ்த்தட்டில் கிடந்த தடித்த அகராதியைக் கடப்பாரை போட்டு நெம்பினார்கள். அது தரையில் விழுந்த சத்தத்தில் சத்துணவுக்கூடத்து முட்டைகள் அதிர்ந்தன.

யாரும் வாயைப் பிளக்கவில்லை. “இம்புட்டு வருசம் தொடாம வெச்சா எதுதான் கனக்காது?” என்றார் டீக்கடை கொம்பையா. “எங்க வீட்ல பட்டுச்சேலைக்கே மடிப்பு மாத்தலேன்னா கோவம் வருதுங்கா எம் பொண்டாட்டி.” எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. சுமையாட்கள் முடிந்தவரை ரெண்டு ரெண்டு பேராக மெலிந்த புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வண்டியைப் பார்க்க நடந்து, முடியாமல் போன போன இடத்தில் இறக்கி வைத்துவிட்டு, மாலைக்குள் கூலியை வாங்கிக்கொண்டு போயேபோய்விட்டார்கள். ஆபீசர் மேசை நாற்காலிகளைத் திரும்ப இறக்கச் சொன்னார். பீரோ போகாமல் அவை மட்டும் போய் என்ன செய்ய.

இப்படியாக முள்ளிச்செவல் பூராவும் புத்தகங்கள் கிடந்தன, கிடந்த பொருளை ஊர் சும்மா விடுமா? கிணற்றடியில் கிடந்ததைத் துவைகல்லாக்கினார்கள், களத்தோரம் கிடந்தவற்றைத் தார்ப்பாயின் நாலு மூலைக்கும் நகர்த்திவைத்து ஆடிக்காற்றுக்குச் சவால் விட்டார்கள், கொம்பையா ஒரு பறவைப் புத்தகத்தைக் கடைக்கு முன்னால் புரட்டிவிட்டு அதன்மேல் நின்று டீ ஆற்றினார், மளிகைக்கடையில் எடைக்கல் தேய்ந்துவிட்டது என்று ஒரு பாட்டுப் புத்தகத்தைத் தராசில் ஏற்றப் பார்த்துத் தராசு முறிந்தது, பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குகிற பையன்களெல்லாம் கல்லை விட்டுவிட்டு அகராதியைத் தூக்கப் பழகினார்கள். ஒருத்தன் முழங்கால் வரைக்கும் தூக்கிவிட்டான். அன்றைக்கே அவனுக்குப் பெண் கொடுப்பதாக ரெண்டு வீட்டில் பேச்சு வந்தது. பொன்னுமதினி தன் வெள்ளாட்டுக்கு முளைக்குச்சி அடிக்கிற வேலை மிச்சம் என்று, ‘மீனுக்கு இருமல்’ புத்தகத்தின் நடுவில் கயிற்றைக் கொடுத்துக் கட்டிப்போட்டாள். ஆடு இழுத்து இழுத்துப் பார்த்து, தோற்று, புத்தகத்தின் மேலேயே படுத்துக்கொண்டது.

எல்லோருக்கும் சந்தோசம். பீரோ அசையாத வரைக்கும் பள்ளிக்கூடம் அசையாது. வேல்மயில் தினம் போய்ப் பீரோவை ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு, அது நகராததைக் கண்டு, அதைத் தட்டிக்கொடுத்துவிட்டு வருவாள்.

அந்தச் சந்தோசத்தில்தான் ஆடு வந்து விழுந்தது. ஒரு மத்தியானம் பொன்னுமதினியின் வெள்ளாடு கழுத்துக் கயிற்றில் புத்தகம் பட்டாம்பூச்சி மாதிரி படபடக்க ஊரைச் சுற்றி ஓடி, கொம்பையாவின் உளுந்துக்காட்டுக்குள் இறங்கி, வாய்க்கு எட்டியதை எல்லாம் மேய்ந்துவிட்டது. கொம்பையா ஆட்டைப் பிடித்துப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். வாழைச்சருகு கனம்கூட இல்லை.

“யாரு இதை என்ன செஞ்சது?” என்று தெருவில் நின்று கத்தினார். “நேத்துவரைக்கும் ஆட்டுரலா கெடந்துச்சு!”

கூட்டத்திலிருந்து நேத்ரா முன்னால் வந்தாள். “நாந்தான் தாத்தா. ஆட்டுக்குப் போரடிக்குமேன்னு வாசிச்சுக் காட்டினேன். தூக்கத்தான் முடியல, பக்கம் திருப்பினா திரும்புச்சு.”

“மீனுக்கு இருமல் நின்னுச்சாட்டி?” என்று கேட்டாள் பொன்னுமதினி, தன் ஆட்டின் குற்றத்தைப் பேச்சு சுற்றிக்கொண்டு போகட்டும் என்று.

“நின்னுருச்சு. ஆனா தவளைக்குத் தொத்திக்கிச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. விசயம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியிருந்தது: படித்தால் லேசாகும், லேசானால் தூக்குவார்கள், தூக்கினால் பூட்டுவார்கள். அன்றைக்கே பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டு, பள்ளிக்கூடத்தைக் காப்பாற்ற இனி முள்ளிச்செவலில் யாரும் எதையும் படிக்கக்கூடாது என்று கொம்பையா முன்மொழிய, நாலுவழிச்சாலையை நினைத்துக்கொண்டு தலைவி வேல்மயிலே முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள். ஊரில் கிடந்த புத்தகங்களை எல்லாம் உருட்டிக்கொண்டு வந்து பீரோவில் அடைத்தார்கள். சாவி டீச்சரிடம் போனது.

கட்டுப்பாடு என்றால் முள்ளிச்செவல்காரர்களுக்கு மிதம் தெரியாது. கதைப்புத்தகம் என்று ஆரம்பித்தது, எதற்கு வம்பு என்று எல்லா எழுத்துக்கும் பரவிவிட்டது. கொம்பையா கடையில் தினசரியைப் படம் மட்டும் பார்த்து மடித்தார்கள். பஸ்ஸின் நெற்றிப் பலகையைப் பார்க்காமல் கையைக் காட்டி ஏறி, கோவில்பட்டி போகவேண்டியவர்கள் அருப்புக்கோட்டையில் இறங்கினார்கள். கல்யாணப் பத்திரிகையைப் பிரிக்காமல் வைத்துவிட்டு, யாருக்குக் கல்யாணம் என்று தெரியாமல் வேட்டுச் சத்தம் கேட்ட மண்டபத்துக்கெல்லாம் போய்ச் சாப்பிட்டு மொய் எழுதினார்கள். பள்ளிக்கூடத்தில் ஜெசிந்தா டீச்சர் கரும்பலகையில் எழுதுவதும், பிள்ளைகள் படித்துவிடுவதற்குள் அழித்துவிடுவதுமாகப் பாடம் நடந்தது. “நான் வேலைக்குச் சேர்ந்தப்போ இதை யாராவது சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன் வேல்மயில்” என்றார். “இப்பச் சிரிங்க டீச்சர், யாரு வேண்டாம்னா?” என்றாள் வேல்மயில். 

அப்புறம் ஒரு சாயங்காலம் அவளால் மகளைத் தூக்க முடியவில்லை.

வழக்கம்போலத்தான் நேத்ரா ஓடிவந்தாள், வழக்கம்போலத்தான் இவள் குனிந்து இடுப்பைக் கொடுத்து அக்குளில் கைகொடுத்தாள். பிள்ளை தரையோடு தரையாக நின்றது. மறுபடி பார்த்தாள். மூச்சுப் பிடித்துப் பார்த்தாள். முதுகில் நரம்பு சுளுக்கிக்கொண்டதே தவிர, பிள்ளையின் செருப்புக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு எறும்பு நுழைய இடம் வரவில்லை.

“ஏட்டி, மத்தியானம் என்னத்தத் தின்ன?”

“சாம்பார் சாதமும் முட்டையும்.”

“எத்தனை முட்டை?”

“ஒண்ணுதான்மா!”

பிள்ளை தானாக நடக்கும்போது ஒன்றுமில்லை. முயல் மாதிரி குதித்துக்கொண்டு முன்னால் போனாள். வேறு ஒரு கை தொட்டு நகர்த்தப் பார்த்தால் மட்டும் மலையாகிவிடுகிறாள். வேல்மயில் மறுநாள் கிராமத்து நர்சம்மாவிடம் கூட்டிப்போனாள். எடைமெஷின் எப்போதும் காட்டுகிற எடையைத்தான் காட்டியது. நர்சம்மா தானும் தூக்கிப் பார்த்துவிட்டு, “மெஷினுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியுது” என்று சொல்லி, எதற்கும் இருக்கட்டும் என்று பூச்சி மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

“ஒருவழியா எறக்கிட்டியா?” என்றாள் பொன்னுமதினி, வெறும் இடுப்போடு வருகிறவளைப் பார்த்து.  இடுப்பில் பிள்ளை இல்லாமல் வேல்மயிலுக்கு நடையே கோணலாகிவிட்டது; ஒருபக்கம் சாய்ந்தே பழகிப்போன உடம்பு, சாய ஆள் இல்லாமல் தடுமாறியது.

வீட்டில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது மெல்லக் கேட்டாள். “நேத்ரா, நெசத்தச் சொல்லு. அந்த மீன் புஸ்தகத்துக்கு அப்புறமும் படிச்சியா?”

நேத்ரா பூண்டுத்தோலை ஊதிப் பறக்கவிட்டாள். “டீச்சர் மத்தியானம் சாவியை மேசைமேல வெச்சுட்டு, ‘நான் கண்ணை மூடிக்கிறேன், எனக்குத் தலைவலி’ம்பாக. தினமும் அவுகளுக்குத் தலைவலி.”

“எம்புட்டுப் படிச்ச?”

“மேல்தட்டு முடிஞ்சிருச்சு.”

வேல்மயிலுக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை, ஆட்டுரலும் அம்மியுமாக அந்த மேல்தட்டில் இருந்த கனம் எங்கே போயிருக்கும் என்ற யோசனை வந்தது. மகளின் காலைப் பார்த்தாள். சாணிமெழுகின தரையில், மகள் குத்தவைத்திருந்த இடத்தில் எந்தப் பள்ளமும் இல்லை. ஆனால் தன் கைக்குத் தெரிந்ததை அவள் மறக்கவில்லை.

அந்த வாரமே ஆபீசர் வந்து, சாலைப்பணிக்காரர்களிடம் கேட்டு ஒரு கிரேன் ஏற்பாடு செய்துவிட்டதாகவும், வருகிற திங்கட்கிழமை பீரோவை அப்படியே தூக்கிவிட்டு, அன்றைக்கே பிள்ளைகளையும் வேனில் புதூருக்கு ஏற்றிவிடலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். பாலத்துத் தூணையே தூக்குகிற கிரேன். கொம்பையாவின் டீ கிளாசிலேயே ஆறிப்போனது. இத்தனை நாள் படிக்காமல் கிடந்ததெல்லாம் வீண்.

வேல்மயில் பள்ளிக்கூடத்துக்குப் போய், டீச்சரிடம் வெளிப்படையாகவே சாவியை வாங்கி, ரெண்டாம் தட்டிலிருந்து ஒரு புத்தகத்தை அங்கேயே தரையில் தள்ளி, உட்கார்ந்து பிரித்தாள். பத்தாவதுக்குப் பிறகு அவள் படித்ததெல்லாம் சோப்புத்தூள் கவரும் மாத்திரை அட்டையும்தான். முதலில் எழுத்துக்கூட்டித்தான் போனது. பாலைவனத்தில் ஐஸ் விற்கப் போன ஒருத்தியின் கதை. ஐஸ் கரைவதற்குள் அவள் ஊர் போய்ச் சேரவேண்டும். நாலாம் பக்கத்தில் வேல்மயில் சம்மணம் போட்டுவிட்டாள். கடைசிப் பக்கத்தில் நிமிர்ந்தபோது வாசலில் காளிராஜ் நின்றான்.

“ஏ புள்ள, அடுப்புல சோறு தீய்ஞ்சு தெருவே நாறுது, இங்க என்ன பண்ற? எந்திரி” என்று கையைப் பிடித்து இழுத்தான். தினம் வற்றல் மூட்டையைத் தலைக்குமேல் தூக்கிப் போடுகிறவன். இழுத்தான், ரெண்டு கையாலும் இழுத்தான், காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து இழுத்தான். “என்னட்டி இது, சிமெண்ட் மூட்டை நனைஞ்ச மாதிரி கெடக்க!”

வேல்மயில் சிரித்த சிரிப்பு பல நாளைக்குப் பிறகு ஊருக்குக் கேட்டது. பக்கத்தில் கிடந்த புத்தகத்தைச் சுண்டுவிரலால் தள்ளினாள். அது காற்றில் ஏறிப் பீரோவுக்குப் போய்ச் சேர்ந்தது.

மறுபடியும் வேப்பமரத்தடியில் கூட்டம்.

“கனம் எங்கயும் போகல” என்றாள் வேல்மயில். “புஸ்தகத்துல இருந்து ஆளுக்கு வந்துருது. பீரோவ கிரேன் தூக்கும். தூக்கிட்டுப் போகட்டும். புள்ளைகள எப்படித் தூக்குவாக?”

“நீ சொல்றது தப்பாப்போச்சுன்னா?” என்றார் கொம்பையா. “பீரோவும் போயி, புள்ளைகளையும் அள்ளிட்டுப் போயிட்டா, அந்த ரோட்டை யாரு தாண்டுவா? நீயா?”

 அவர் கேட்டதைத்தான் வேல்மயிலும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “எம்புள்ளையத்தான் மாமா மொதல்ல வேன்ல ஏத்தப்போறேன். தப்பாப்போச்சுன்னா மொதல்ல ரோட்டுக்குப் போறது எம்புள்ள. வாங்க, வந்து அவளத் தூக்கிப் பாருங்க, அப்புறம் பேசுங்க.”

கொம்பையா துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வந்து தூக்கிப் பார்த்தார். நேத்ரா அவர் காதுக்குள், “கூச்சமா இருக்கு தாத்தா” என்றாள். வேட்டி அவிழ்ந்ததுதான் மிச்சம். அவர் வேட்டியைக் கட்டிக்கொண்டு, “சரி, எனக்குப் பறவைப் புஸ்தகம்” என்றார்.

அதற்குப் பிறகு முள்ளிச்செவல் படித்த படிப்பை முள்ளிச்செவலே நம்பாது: வற்றல் கிளறுகிறவள் ஒரு கையால் கிளறிக்கொண்டு படித்தாள், மாடு கறக்கிறவன் மாட்டின் வயிற்றில் புத்தகத்தைச் சாய்த்துவைத்துப் படித்து மாட்டுக்கும் கதை தெரிந்துபோனது, எழுத்துத் தெரியாதவர்கள் தெரிந்தவர்களைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள், கேட்டவர்களுக்கும் கனம் ஏறத்தான் செய்தது, ஒருத்தர் முடித்த புத்தகம் அடுத்தவர் கைக்குப் போய் அவரையும் அதே அளவு கனக்கவைத்து இன்னும் மிச்சம் வைத்திருந்தது, பொன்னுமதினி ஒரு பேய்க்கதையைப் பாதியில் மூடிவிட்டுப் பயத்தில் வேல்மயில் வீட்டிலேயே படுத்துக்கொண்டாள், டவுன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மஞ்சள் வேனில் இருந்து எட்டிப்பார்த்து, “எங்களுக்கும் ஒண்ணு குடுங்க அத்தை” என்று கேட்டு வாங்கிப்போய், அடுத்த நாள் வேன் மேட்டில் ஏறாமல் நின்றது. அகராதியை மட்டும் யாரும் முழுசாகப் படிக்கவில்லை. ஆளுக்கு ஒரு எழுத்து என்று பிரித்துக்கொண்டார்கள். வேல்மயில், மகள் படித்து முடித்த மேல்தட்டிலிருந்து தொடங்கி, ஒன்றையும் தாண்டாமல் வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை, படித்த புத்தகங்களெல்லாம் பீரோவுக்குள் திரும்பியிருக்க, மேசை நாற்காலிகள் மறுபடி லாரியில் ஏறியிருக்க, கிரேன் வந்தது. பாலத்துத் தூணுக்குப் போடுகிற சங்கிலியைப் பீரோவுக்குப் போட்டு, டிரைவர் நெம்புகோலை இழுத்தான். பீரோ பலூன் மாதிரி வேப்பமரத்துக்கு மேலே போய், காக்காக்கூட்டத்தைக் கலைத்து, ஒரு சுற்று சுற்றிவிட்டு மெல்ல லாரிக்குள் இறங்கியது. “இதுக்கா என்னையக் கூப்பிட்டீங்க?” என்று டிரைவர் முகத்தைச் சுளித்தான்.

ஆபீசருக்கு மூச்சு வந்தது. வெளியே வெள்ளை வேன் தயாராக நின்றது. “பிள்ளைங்களும் ஏறிட்டா வேலை முடிஞ்சுது” என்றார். அவர் கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்கென்று ஒரு பை மிட்டாய் வாங்கிவந்திருந்தார்.

வேல்மயில் நேத்ராவைப் பார்த்துத் தலையசைத்தாள்.  நேத்ரா முதல் ஆளாகக் குதித்து ஏறினாள். மற்ற பிள்ளைகள் மிட்டாயை வாயில் அதக்கிக்கொண்டு பின்னால் ஏறினார்கள். கதவு சாத்தப்பட்டது. டிரைவர் கியரைப் போட்டான்.

வேன் உறுமியது. இன்னும் பலமாக உறுமியது.  பின்சக்கரங்கள் கரிசல் மண்ணுக்குள் மெதுவாக, பாயசத்தில் அப்பளம் இறங்குகிற மாதிரி இறங்கின. வேனின் வயிறு தரையைத் தொட்டது.

“சார்” என்றான் டிரைவர், தலையை வெளியே நீட்டி. “இது பிள்ளைகளா, ஜல்லியா?”

பின்னாலிருந்து தள்ளினார்கள். ஆபீசர் உள்ளே போய், மரியாதையாக, “மன்னிச்சுக்கோ பாப்பா” என்று சொல்லிவிட்டு நேத்ராவை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் இருந்தவளை. அப்புறம் எல்லோரிலும் சின்னவனை; அவன் கேட்ட கதைகளே போதுமானவையாக இருந்தன.

“கிரேனைக் கூப்பிடவா சார்?” என்று கேட்டாள் வேல்மயில், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு. “புள்ளைகளுக்குச் சங்கிலி போடலாம்னு உத்தரவுல இருக்கா?”

ஆபீசர் வேனின் படியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே நேத்ராவிடம், “நீயா நடந்தா நடக்க முடியுமா?” என்றார்.

“ஓடுவேன்.”

“அப்போ புதூர் வரைக்கும் நடந்து வர்றியா? அங்க பெரிய பள்ளிக்கூடம் இருக்கு.”

“எதுக்கு சார்?” என்றாள் நேத்ரா, உண்மையிலேயே புரியாமல். “எங்க பள்ளிக்கூடம் இங்கதான இருக்கு?”

இந்த மூடலைப் பற்றி இதுவரை அவர் எந்தப் பிள்ளையையும் கேட்டதில்லை. அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். பிறகு எழுந்து, சாமான்கள் காலியாகிவிட்டன, பிள்ளைகளை அசைக்க முடியவில்லை, பிள்ளைகள் இருக்கிற கட்டடத்தைப் பூட்ட வழியில்லை என்று மேலே எழுதி அனுப்பிவிடுவதாகச் சொன்னார். “அவங்க நம்பலேன்னா வந்து தூக்கிப் பார்க்கட்டும்.”

கொம்பையா துண்டை வானத்துக்கு வீசினார். அது அவர் டீ பாய்லரில் போய் விழுந்தது.

“மேசை நாற்காலியை இறக்கச் சொல்றேன். பீரோவையும் இறக்கணுமாம்மா?” என்றார் ஆபீசர்.

வேல்மயில் லாரியைப் பார்த்தாள். “பீரோ வேண்டாம் சார். புதூருக்கே போகட்டும். அங்க உள்ள புள்ளைகளும் கொஞ்சம் கனக்கட்டும், நாளைக்கு அவுகளையும் எவராவது தூக்க வருவாக. எங்களுக்கு யாரும் தொடாத பீரோ எங்கயாவது கெடந்தா அனுப்புங்க, நேத்ரா அப்பா வண்டியில ஏத்திக்கிட்டு வருவாரு.”

“யாரும் தொடாத பீரோவுக்கா பஞ்சம்?” என்றார் ஆபீசர். அன்றைக்கு முதல்முறையாக அவரும் சிரித்தார். காளிராஜ் மட்டும் தன் லோடு ஆட்டோவின் டயரைக் கவலையோடு மிதித்துப் பார்த்தான்.

சாயங்காலம் பிள்ளைகள் வேனிலிருந்து இறங்கினார்கள். வேன் தானாக மேலே எழும்பிக்கொண்டது. நேத்ரா வாசலில் வந்து நின்று, எப்போதும்போல ரெண்டு கையையும் விரித்தாள். “யம்மா, கால் வலிக்குது. தூக்கு.”

வேல்மயில் தயங்கினாள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. குனிந்து, இடுப்பைக் கொடுத்து, சுளுக்கின நரம்பை நினைத்துக்கொண்டே அக்குளில் கைகொடுத்தாள்.

பிள்ளை பூப்போல ஏறி உட்கார்ந்தது.

“ஏட்டி! எப்படிட்டி?”

“நான் படிச்ச அத்தனையும் நீயும் படிச்சிட்டேல்லம்மா” என்றாள் நேத்ரா, இதில் என்ன இருக்கிறது என்கிற மாதிரி.

நடந்தார்கள். வேல்மயிலின் நடை பழையபடி நேரானது.  தெருமுனை தாண்டுவதற்குள் வேல்மயிலுக்கு இடுப்பு லேசாக அழுந்துகிற மாதிரி இருந்தது. இன்னும் ஒரு வீடு தாண்டினாள், நன்றாகவே அழுந்தியது. முழங்கால் மடங்கப் பார்த்தது. திரும்பிப் பார்த்தால், தோளுக்குப் பின்னால் நேத்ரா தன் பையிலிருந்து ஒரு தடிப்புத்தகத்தை உருவிப் பிரித்து வைத்துக்கொண்டு உதடு அசையப் படித்துக்கொண்டிருந்தாள்.

“எங்க இருந்துட்டி வந்துச்சு இது?”

“டீச்சர் பையில இருந்து. அவுகளோடது. தலைவலின்னு சொன்னாக.”

“அடி பாவி, அம்மா இடுப்பு ஒடிஞ்சிரும்! மூடு மொதல்ல!” என்றாள் வேல்மயில். மகள் மூடப்போனாள். நாலடி நடந்தவள் என்ன நினைத்தாளோ, நின்று, பிள்ளையை ஒரு எக்கு எக்கி நன்றாக உட்காரவைத்துக்கொண்டாள்.

“மூட வேண்டாம். மொதல்ல இருந்து வாசி. சத்தமா வாசி, எனக்கும் கேக்கட்டும்.”